சைக்கிள் ஓட்டிய இங்கிலீஷ் பாடம்

வகுப்பறையின் நடுவில் ஒரு சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. சீற்றும் ஹாண்டிலும் சீமெந்துத் தரையில், சில்லு ரெண்டும் கூரையைப் பார்த்தபடி. ஒன்பதாம் வகுப்பு யோகேஸ்வரி பக்கத்தில் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றுகிறாள். பின்சில்லில் உரசுகிற டைனமோ கிர்ரென்று இரைகிறது. அதிலிருந்து ரெண்டு வயர் போய் மேசையில் இருக்கிற ரேப் ரெக்கோடருக்குள் நுழைகிறது. ரெக்கோடருக்குள் இருந்து ஒரு வெள்ளைக்காரன் எங்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் காலை வணக்கம் சொல்லுகிறான்.

பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அவனுக்குப் பதில் வணக்கம் சொல்லுகிறார்கள். அவனுக்கு அது கேட்காது என்று எத்தனை தரம் சொன்னாலும், வணக்கம் சொன்ன ஆளுக்கு எப்படிச் சொல்லாமல் இருப்பது என்று கேட்பார்கள்.

நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். இங்கிலீஷ் டீச்சர் நான்தான். ஆனால் எனக்கு அங்கே வேலை இல்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அது சண்டைக் காலம். எந்த ஆண்டு என்று மட்டும் கேட்காதீர்கள். முந்தி ஒரு கிழமை இந்தப் பத்தியில் ஆண்டு போட்டு எழுதப்போய், பிழை என்று ஊரெல்லாம் கடிதம் போட்டு என்னைக் கிழித்துவிட்டார்கள்.

பாதைக்கு அங்கால்

என் வீடு நாவற்குடாவில். பள்ளிக்கூடம் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் பழைய மாணவர்கள் ஒன்றுகூடி என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

மண்முனைத்துறையில் வாவியைக் கடக்கவேணும். கடக்கிற மிதவைக்கு எங்கள் ஊரில் பேர் ‘பாதை’. ஆளும் சைக்கிளும் ஆடும் நெல்மூடையும் ஒன்றாக ஏறிப் போகும். அக்கரை ஆமியின் கையில் இல்லை, இக்கரையில் ஆமியின் சென்றிக் காவலரண். பையைத் திறந்து காட்டி, ஐடென்ரி கார்ட்டைக் காட்டி, பாதை நிறைகிற வரைக்கும் வெயிலில் காய்ந்து, அக்கரையில் இறங்கினால் அதற்குப் பிறகு கிறவல் ரோட்டில் வயல் வட்டைகளுக்கு நடுவால் நெடுந்தூரம் சைக்கிள். பொழுதுபடமுன் பாதை நின்றுவிடும். ஆகவே திங்கள் போனால் வெள்ளிதான் திரும்பலாம். கிழமை நாளில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன்.

வீட்டில் என் மகள் வதனி. மூன்று வயது ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாக வரும். கலியாணம் முடித்த மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். ஆகவே நான் இல்லாத வீட்டில் என் புருசனும், கலியாணம் ஆகாத என் தங்கச்சியும், வதனியும். அவர் சங்கக்கடை வேலைக்குப் போய்விடுவார். தங்கச்சிதான் பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, நித்திரையாக்கி எல்லாம் பார்த்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் நுழைகிறேன், வதனி தங்கச்சியைப் பார்த்து “அம்மா, ஆரோ வந்திரிக்காக” என்றாள்.

தங்கச்சிக்கு முகம் செத்துப்போய்விட்டது. நான் சிரித்துச் சமாளித்தேன். மறுகாக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுகிற சாட்டில் நல்லாக அழுதேன்.

அன்றைக்கே இடமாற்றத்துக்கு எழுதினேன். வீட்டுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷுக்கு இடம் காலியாகவே கிடந்தது. ஆனால் எங்கள் பள்ளிக்கூட அதிபர் அசையவில்லை. நல்ல மனிசன், ஆனால் பிடிவாதம் என்றால் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கருக்கும் மேலே. படுவான்கரைக்கு இங்கிலீஷ் படிப்பிக்க ஆர் வருவார், இவவை விட்டால் பிள்ளைகள் கதி என்ன என்று கல்விக் கந்தோருக்கு எழுதிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த நியாயம்தான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பொட்டு வைத்த வாத்தியார்

அந்த நேரத்தில்தான் ரேப் ரெக்கோடர் வந்தது. வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று கந்தோருக்குக் கொஞ்சம் ரெக்கோடரும் இங்கிலீஷ் பாடக் கசற்றுகளும் கொடுத்திருந்தது. ஒன்றை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கினார்கள். கந்தோரில் எடுத்துத் தந்த அதிகாரி என் இடமாற்றக் கதை தெரிந்தவர். தன்பாட்டில் சொல்லுகிற மாதிரி ஒரு சொல் சொன்னார்.

“இதோட வகுப்பு டீச்சர் இல்லாம ஓடுமெண்டா, உங்கள விடுறதுக்கு எனக்கு மறுப்பில்ல.”

எனக்கு இதைவிட வேறென்ன வேணும்? இப்போது எங்கே பார்த்தாலும் இதுதான் கதை. போனில் பாடம் வந்துவிட்டது, கேள்வி கேட்டால் பதில் சொல்லுகிற மெஷின் வந்துவிட்டது, இனி வாத்தியார்மாருக்கு வேலை போய்விடுமோ என்று கூட்டம் போட்டுக் கவலைப்படுகிறார்கள். நானோ அந்தக் காலத்திலேயே மெஷின் வந்து என் வேலை போகட்டும் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தவள்.

ரெக்கோடரைப் பாதையில் ஏற்றுவது லேசான காரியமாக இருக்கவில்லை. சென்றியில் ஒரு இளம் ஆமிக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கந்தோர்க் கடிதத்தைக் காட்டினேன். கசற்றில் என்ன இருக்கு என்று கேட்டான். இங்கிலீஷ் பாடம் என்றேன். போட்டுக் காட்டு என்றான். பற்றரி இல்லை, அக்கரைக்குப் பற்றரி கொண்டுபோக விடாததே அவர்கள்தானே. கடைசியில் முதலாம் பாடத்தை நானே வாயால் பாடிக் காட்டினேன். குட் மோர்னிங், ஹவ் ஆர் யூ, ஐ ஆம் வெரி வெல் என்று. அவனும் மெல்லமாகக் கூடவே சொன்னான். பின்னால் நின்ற மீன்காரப் பொம்பிளையும் சொன்னா. அந்தக் கசற்றின் முதல் மாணவர்கள் இந்த ரெண்டு பேரும்தான்.

கொண்டு வந்து சேர்த்தாயிற்று. பற்றரியும் இல்லாமல் கறன்ரும் இல்லாமல் எப்படிப் பாட வைப்பது? அதற்கு வழி பண்ணினவர் கந்தப்போடி மாஸ்டர். விவசாயம் படிப்பிக்கிறவர். வீட்டில் றேடியோச் செய்தி கேட்க டைனமோ பூட்டி வைத்திருந்தார். அதே வித்தையை இங்கேயும் காட்டினார். அவருக்கு விவசாயத்தில் ஒரு குறையும் சொல்ல ஒண்ணா. இங்கிலீஷ் மட்டும் யெஸ், நோ, தேங்க்யூ.

அதிபருக்கு ரெக்கோடர்மேல் அப்படியொரு பக்தி. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களுக்கு மேலே ரெக்கோடரை வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூவும் சாத்தினார். எங்கள் ஆசிரியர்மார் ஒருவருக்கும் அந்த மரியாதை கிடைத்தது கிடையாது. கந்தப்போடி மாஸ்டர் என் காதுக்குள், சம்பளத்தையும் இதுக்கே குடுத்திருவாரோ தெரியா என்றார்.

பாடம் நன்றாகவே போனது. ஒரேயொரு தொல்லை. பெடல் சுற்றுகிற பிள்ளைக்குக் கை உளைந்தால் சில்லு மெதுவாகும். சில்லு மெதுவானால் வெள்ளைக்காரனுடைய குரலும் தடித்து, இழுபட்டு, கிணற்றுக்குள் இருந்து கதைக்கிற மாதிரி வரும். நான் “சுத்துகா புள்ள, சுத்து” என்று சத்தம் போடுவேன். இல்லாவிட்டால் நிற்பாட்டி, அந்த இடத்தை நானே வாசித்துக் காட்டுவேன். அது பெரிய விசயமாகவே எனக்குப் படவில்லை.

பாதை பூட்டின காலம்

பிறகு ஒரு நாள் எங்கேயோ சண்டை மூண்டு பாதையைப் பூட்டிவிட்டார்கள். நான் அந்தச் சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வந்தவள், வந்தபடியே நின்றுவிட்டேன். ஒரு மாதத்துக்கும் மேலே.

உண்மையைச் சொல்லுகிறேன், ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்த அந்த நாட்களில் நான் சந்தோசமாக இருந்தேன். இரவில் வெடிச்சத்தம் கேட்டால் வதனி எனக்கும் தங்கச்சிக்கும் நடுவில் வந்து படுப்பாள். முதலில் தங்கச்சி பக்கம் திரும்பிப் படுத்தவள், போகப்போக என் பக்கமும் திரும்பினாள். காலையில் பல்லு மினுக்கிவிட என்னிடமும் வரத் தொடங்கினாள். இதை விட்டுவிட்டு இனி எப்படிப் போவது?

அக்கரையில் இருந்து வந்த ஒரு ஆள் மூலம் அதிபர் சொல்லியனுப்பியிருந்தார். இங்கிலீஷ் பாடம் ஒரு நாளும் விடுபடவில்லை, கந்தப்போடி மாஸ்டர் கசற் போடுகிறார், பிள்ளைகள் கிளிமாதிரிக் கதைக்கிறார்கள் என்று. நான் அந்தச் செய்தியை அப்படியே கந்தோருக்குக் கொண்டோடினேன். அதிகாரிக்கும் திருப்தி. பாதை திறந்ததும் தானே வந்து வகுப்பைப் பார்ப்பதாகவும், சரி என்றால் அங்கேயே வைத்து விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னார்.

மரியாதையான இங்கிலீஷ்

பாதை திறந்த கிழமையே அவரும் நானும் போனோம். பள்ளிக்கூட வாசல் படலையில் அதிபரும் கந்தப்போடி மாஸ்டரும் நின்றார்கள். மாஸ்டர் சால்வையை இறக்கி, அடிவயிற்றில் இருந்து குரல் எடுத்து “கூ...ட் மோ...ர்னிங் சே...ர்” என்றார். அதிபரும் அப்படியே. ரெண்டு பேருக்கும் தடிமன் பிடித்துத் தொண்டை அடைத்துவிட்டது போல என்று நினைத்தேன்.

வகுப்புக்குள் போனோம். எல்லாரும் எழும்பினார்கள். கையைக் கட்டி, நாடியை இறக்கி, எல்லாருமாக அதே குரலில் அதே இழுவையில் வணக்கம் சொல்லி முடிக்கக் கனநேரம் எடுத்தது. வகுப்பு முழுக்கவுமா தடிமன்?

அதிகாரி யோகேஸ்வரியிடம் பெயர் கேட்டார். கீச்சுக்குரல்காரி அவள். அன்றைக்கு எங்கே இருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, “மை... நே...ம்... இ...ஸ்...” என்று, நாட்டுக்கூத்தில் ராசா கொலு வருகிற மாதிரிச் சொன்னாள். அடுத்தவனும் அப்படி. அதற்கடுத்தவளும் அப்படி.

அதிகாரி கணக்குப் பாடத்தில் இருந்து வந்தவர். இங்கிலீஷ் வாசிப்பார், கதைத்துப் பழக்கமில்லை. அவருடைய முகம் மலர்ந்துபோயிற்று. பழைய துரைமார் இப்படித்தான் ஆறுதலாக, கம்பீரமாகக் கதைப்பார்கள் என்று தன் அப்பா சொன்னாராம். பட்டணத்துப் பிள்ளைகளிடமும் இந்த நிதானம் இல்லை என்றார். கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பேனை மூடியையும் கழற்றிவிட்டார்.

இதற்குள் யோகேஸ்வரி இருந்து, பக்கத்தில் இருந்தவளிடம் இங்கிலீஷில் றப்பர் கேட்டாள். டக்கென்று, தெளிவாக, தன்னுடைய சொந்தக் குரலில். கசற்றில் இருக்கிற பிள்ளை கேட்கிற மாதிரியே.

எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் புள்ள சேரோட ஒரு மாதிரியும் அவளோட ஒரு மாதிரியும் கதைக்கிறாய் என்று கேட்டேன். என்ன டீச்சர் இதுகூடத் தெரியாமல் என்கிற மாதிரி அவள் என்னைப் பார்த்தாள்.

“கசற்றில பாருங்க டீச்சர். பொடியனுகள் தங்களுக்குள்ள கதைக்கக்குள்ள கெதியாக் கதைக்கிறானுகள். டொக்டரிட்டப் போனா, பெரிய சேரிட்டப் போனா, குரல இறக்கி இழுத்துக் கதைக்கிறானுகள். பெரியாக்களுக்கு மரியாத குடுக்கிறானுகள்.”

கந்தப்போடி மாஸ்டர் வாசலில் நின்று தலையாட்டினார். ஓம், நாங்களும் வயல் சொந்தக்காரப் போடியாரோட அப்படித்தானே கதைக்கிற என்றார்.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு பாடத்திலும் முதலில் பிள்ளைகள் தங்களுக்குள் கதைப்பார்கள். டொக்டரும் தலைமை ஆசிரியரும் வருவது கடைசியில். கடைசி வரும்போது சுற்றுகிற பிள்ளைக்குக் கை உளைந்துவிடும். நான் இருந்தால் சத்தம் போட்டிருப்பேன். ஒரு மாதமாக ஆரும் சத்தம் போடவில்லை. மரியாதையில் வளர்ந்த பிள்ளைகள். பெரியவர்களுக்கு முன்னால் குரலைத் தாழ்த்தாமல் கதைக்கத் தெரியாதவர்கள். தங்களுக்குத் தெரிந்ததை வைத்து விளங்கிக்கொண்டார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. கேட்டுத் திருத்த ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பேனை மூடி

அதிகாரி என்னைப் பார்த்தார். பேனை கடிதத்துக்கு மேலே நிற்கிறது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. நான் ஒரு நிமிசம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றால் போதும், திங்கட்கிழமையில் இருந்து வதனிக்கு நானே சோறு தீத்தலாம்.

வாயைப் பொத்தத்தான் பார்த்தேன். நம்புங்கள். ஆனால் கண் யோகேஸ்வரியில் போய் நின்றுவிட்டது. கெட்டிக்காரி. நாளைக்குக் கொழும்பில் ஒரு நேர்முகத்துக்குப் போய், ஆட்களுக்கு முன்னால் எழும்பி, முழு மரியாதையோடு இந்தக் குரலில் கதைப்பாள். அவர்கள் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று இவளுக்குத் தெரியாது.

“கொஞ்சம் பொறுங்க சேர்” என்றேன்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினேன். கசற்றைக் கடைசிப் பகுதிக்கு ஓடவிட்டு, நானே ஒரே சீராகச் சுற்றினேன். டொக்டரும் பையனும் சாதாரணமாக, சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். வகுப்பு திகைத்துப்போய்விட்டது. கடைசி வரிசை வாங்கில் இருந்து ஒருவன், அப்ப டொக்டருக்கு அவன் மரியாதை குடுக்க இல்லையா டீச்சர் என்று மிகுந்த கவலையோடு கேட்டான்.

குடுக்கிறான் மகன், சொல்லில குடுக்கிறான் என்று சொல்லி, ப்ளீஸையும் சேரையும் மே ஐயையும் கரும்பலகையில் எழுதினேன். பிறகு கேள்வி மழைதான். அங்கே பெரியவர்கள் கோபிக்கமாட்டார்களா? சால்வை போட்டிருப்பவரோடு எப்படி? கடவுளோடு எப்படிக் கதைப்பது? கேட்டுக் கேட்டு என்னைப் பிய்த்து எடுத்தார்கள். சைக்கிள் சும்மா நின்றது. அதிகாரி கடைசி வாங்கில் பிள்ளைகளோடு நெருங்கி இருந்து, தானும் ஒரு கேள்வி கேட்டார். மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

எல்லாரும் போன பிறகு அவர் கடிதத்தை மடக்காமல் கேட்டார்.

“டீச்சர், இந்த மெஷின் போதுமெண்டு நான் எழுதவா?”

“போதாது சேர்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. உங்கட சின்னப்புள்ளையும் இரிக்கி.”

“யோசிச்சுத்தான் சேர் சொல்றன். போதாது.”

அவர் பேனையை மூடினார். நான் அலுமாரிக்குப் பின்னால் போய் அழுதேன். மாஸ்டர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி, அப்ப காலையில நான் சேருக்குச் சொன்ன குட் மோர்னிங் என்றார். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழவும் விடாத பள்ளிக்கூடம் அது.

இக்கரையும் அக்கரையும்

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுப்படி ஏறக் கால் வரவில்லை. கையில் வந்ததைத் தட்டிவிட்டு வந்த மனிசி நான். எல்லாவற்றையும் வதனியின் அப்பாவிடம் சொன்னேன். ஏசுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார்.

“அப்ப புள்ளையக் கூட்டிற்றுப் போ” என்றார்.

அங்கே டொக்டர் இல்லை, கறன்ர் இல்லை, எந்த நேரம் என்ன நடக்கும் என்று தெரியாது, பச்சைப்பிள்ளையை எப்படி என்று பொரிந்தேன். எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தார்.

“இந்த முற பாத பூட்டக்குள்ள நீ இஞ்ச நிண்டாய். அடுத்த முற அங்க நிண்டா? நீ ஒரு கர, புள்ள ஒரு கர. எனக்கு அதுதான் பயம்.”

சரி, திங்கள் கூட்டிப்போகிறேன் என்றேன். சனிக்கிழமைகளில் தானே பாதை ஏறி வருவதாகச் சொன்னார். தங்கச்சிதான் தாங்கமாட்டாமல் அழுதாள். பிள்ளையின் சட்டைகளை மடித்து வைப்பதும் எடுப்பதுமாக ஞாயிறு முழுக்கத் திரிந்தாள்.

வதனி படுவான்கரைக்கு வந்ததும் பள்ளிக்கூடமே அவளைத் தூக்கிக்கொண்டது. யோகேஸ்வரியின் இடுப்பில் கொஞ்சநேரம், மாஸ்டரின் தோளில் கொஞ்சநேரம். அதிபர் ரெக்கோடரைத் தொட விட்ட ஒரே ஆள் அவள்தான். எல்லாரிடமும் போனாள். என்னிடம் மட்டும், கூப்பிட்டால் வருவாள், விட்டால் போய்விடுவாள். இரவில் சித்தியைக் கேட்டுச் சிணுங்குவாள். பிள்ளையைக் கொண்டுவந்தும் பிள்ளை கிடைக்கவில்லையே என்று எனக்குள்ளே குமைந்தேன்.

ஒரு நாள் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. வெளியே மாமரத்தடியில் ஓடிக்கொண்டிருந்தவள் வேர் தடக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்துவிட்டது. யோகேஸ்வரி யன்னலால் கண்டு பாய்ந்து போனாள். மாஸ்டரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். ரெண்டு பேரும் கையை நீட்டினார்கள். அவள் ரெண்டு பேரையும் தள்ளிவிட்டு, மூக்கும் கண்ணும் ஒழுக, வகுப்பு வாசலால் வந்து, வாங்குகளுக்கு நடுவால் நொண்டி நொண்டி, நேரே என்னிடம் வந்து சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கையில் இருந்த சோக் கட்டியைப் போட்டுவிட்டு அவளை அள்ளித் தூக்கினேன். மரத்தடிக்குக் கொண்டுபோய் மடியில் வைத்துக்கொண்டு, மணி அடிக்கிற வரைக்கும் அங்கேயே இருந்தேன். மிச்சப் பாடத்தை மாஸ்டர் ரேப்பைப் போட்டு நடத்தினார். குரல் எங்கெங்கே இழுபட்டதோ, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.